தேக்குக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா? - காரைக்குடி பழைய மரச்சாமான்களும் ஒரு கார் ஷெட் தொழிலும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் காலையில் கடை திறந்ததும் சாமான்கள்தான் முதலில் வெளியே வரும். கால் ஆடும் ஈஸிசேர், கண்ணாடி போன அலமாரி, யாரோ ஒருவரின் கடைப் பெயர் எழுதிய கணக்குப் பெட்டி, தொட்டில் கட்டை, மணைப் பலகை என்று எல்லாவற்றையும் வாசலில் இறக்கி வைத்த பிறகே கடைக்காரருக்கு உள்ளே உட்கார இடம் கிடைக்கும். மாலையில் இதே வேலை தலைகீழாக நடக்கும்.

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றியும் அரண்மனை மாதிரியான வீடுகளைப் பற்றியும் பேசுகிற அளவுக்கு இந்தத் தெருவைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால், ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் என்னென்ன இருந்தன என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. எனாமல் தூக்குவாளிகள், ஊறுகாய் ஜாடிகள், ரவி வர்மா படத்தின் அச்சுப் பிரதிகள், பித்தளைப் பூட்டுகள், ஒரு முழம் நீளச் சாவிகள், பிரம்பு அறுந்த நாற்காலிகள். ஒரு வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டியதுபோல இருக்கும். பல சாமான்கள் விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

விலை கேட்பவர்களுக்கென்று இங்கே ஒரு பேச்சு உண்டு.

“அண்ணே, இது பர்மா தேக்கா?”

“ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாருங்கம்மா, நீங்களே சொல்வீங்க.”

தூக்கிப் பார்த்தால் மட்டும் தெரிந்துவிடாது. தெரிந்தவர்கள் சாமானின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, முதுகைத்தான் பார்ப்பார்கள். பாலிஷ் படாத பின்பலகை, இழுப்பறையின் அடிப்பாகம், கால்களின் உள்பக்கம். அங்கேதான் மரம் மறைக்காமல் இருக்கும். தேக்கைக் கொஞ்சம் தேய்த்தால் தோல் பை வாசனை மாதிரி ஒன்று வரும், விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு தட்டும். இழுப்பறையின் மூலையில் விரல் கோத்ததுபோல இருக்கும் இணைப்புகள் ஒன்றுக்கொன்று சற்றுக் கோணலாக இருந்தால் ஆசாரி கையால் வெட்டியது. அச்சடித்ததுபோல ஒரே அளவாக இருந்தால் மெஷின் வேலை. அடியில் மாவு மாதிரி மரத்தூள் உதிர்ந்து கிடந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவது நல்லது. உள்ளே பூச்சி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. ‘பழைய மரம், புது சாமான்.’ இடித்த வீட்டின் கதவு டைனிங் டேபிளாகியிருக்கும், ஜன்னல் சட்டத்துக்குள் கண்ணாடி ஏறியிருக்கும். இதில் தப்பு எதுவும் இல்லை. மரம் பழசுதான். ஆனால், நூறு வருஷத்து மேஜை என்று நினைத்து வாங்கிக்கொண்டு போகிறவர் ஏமாந்துதான் போவார்.

மரம் வந்த கதை

இந்த மரமெல்லாம் கப்பலில் வந்தது. 19-ம் நூற்றாண்டில் வட்டித்தொழிலுக்காக பர்மா, மலாயா, இலங்கை என்று போன நகரத்தார், சம்பாதித்ததைச் சொந்த ஊரில் வீடாகக் கட்டினார்கள். பர்மாத் தேக்கு தூண்களாகவும் உத்தரங்களாகவும் நிலைக்கதவுகளாகவும் வந்து சேர்ந்தது. இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று மற்றவை பின்னாலேயே வந்தன. கானாடுகாத்தானில் எல்லோரும் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அரண்மனை 1912-ல் கட்டப்பட்டது. இப்படி எழுந்த ஊர்களில் எழுபதுக்கும் மேற்பட்டவை சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் சேர்க்கப்பட்டன.

சரிவும் அதே பர்மாவிலிருந்துதான் வந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை, பணத்துக்குப் பதில் நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் வசம் இருந்த காலம் அது. 1942-ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. 1960-களில் ராணுவ அரசு வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. பணம் வரும் வழி அடைபட்டது. அறுபது, எழுபது அறைகள் கொண்ட வீடு மட்டும் மிஞ்சியது.

அந்த வீட்டுக்கு இன்று பத்துப் பங்காளிகள் இருக்கலாம். இருபதுகூட இருக்கலாம். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வந்து கதவைத் திறப்பார்கள். ஓடு மாற்ற, ஒழுகலை அடைக்க, வளவைக் கூட்டிப் பெருக்க யார் பணம் கொடுப்பது என்பதில் பேச்சு முடியாது. ஒரு மழையில் பின்கட்டு இறங்கும். அப்புறம் ஒருநாள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். வீட்டைப் பிரிக்கக் குத்தகைக்கு எடுப்பவர் முதலில் கணக்குப் போடுவது தேக்கைத்தான். தூண், கதவு, உத்தரம் லாரியில் ஏறிவிடும். அறைகளில் கிடந்த சாமான்கள் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வரும்.

கார் ஷெட்டில் ஒரு தொழில்

காரைக்குடியை ஒட்டியுள்ள ஓர் ஊரில் வசிக்கும் நாற்பது வயதை நெருங்கும் அந்தப் பெண், பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பழைய மரச்சாமான்களை வாங்கி, பழுது பார்த்து, பெயின்ட்டோ பாலிஷோ அடித்து விற்பது அவருடைய வீட்டுத் தொழில். பட்டறை என்றால் கார் ஷெட். கார் வெயிலில் நிற்கிறது.

ஏன் பெயர் வேண்டாம் என்பதற்கு அவர் சொல்லும் காரணம் எளிமையானது. “வாங்குற சாமான் எல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டு அறையில இருந்து வந்ததுதானே. எங்க அயித்தை வீட்டுப் பீரோவை இவ வித்துட்டான்னு ஒரு பேச்சு வந்தா, அப்புறம் விசேஷத்துக்கு எப்படிப் போறது?”

ஆரம்பித்தது மாமியார் வீட்டில் பாகம் பிரித்தபோது. வீடு பிரிக்கப்பட்டது, இவர்கள் பங்குக்குப் பணத்தோடு கொஞ்சம் சாமானும் வந்தது. ஒரு சின்ன அலமாரி, இரண்டு முக்காலி, ஒரு மேஜை. எல்லாம் கறுத்துப் போய், எண்ணெய்ச் சிக்கேறி இருந்தன. யூடியூபில் வெளிநாட்டுப் பெண்கள் பழைய சாமான்களுக்கு இளநீலமும் சாம்பலும் அடித்து விற்கும் வீடியோக்களை அவர் பார்த்திருந்தார். மேஜைக்கு வான நீலத்தில் பெயின்ட் அடித்தார். போட்டோவில் பிரமாதமாக வந்தது.

அலமாரியின் கீல் சரிசெய்ய வந்த வயதான பாலிஷ்காரர் அந்த மேஜையைப் பார்த்துவிட்டு, ஒரு காலின் அடியை நகத்தால் கீறினார்.

“என்னத்தா இது! தேக்குக்குச் சட்டை மாட்டி விட்டிருக்க?”

அந்தச் சட்டையைக் கழற்ற மூன்று வாரம் ஆனது. கரைப்பான் தடவி, ஊறவிட்டு, மழுங்கிய பட்டையால் வழித்து, கடைசல் வளைவுகளுக்குள் பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டு நோண்டியெடுத்தார். காஸ்டிக் சோடா ஊற்றினால் ஒரே நாளில் முடியும் என்று சிலர் சொன்னார்கள். பாலிஷ்காரர் கூடவே கூடாது என்றார். அவர் சொன்னது சரிதான். காஸ்டிக் சோடா பெயின்ட்டோடு நிற்காது. தேக்கைக் கறுக்க வைக்கும், நாரைக் கிளப்பிவிடும், சரியாகக் கழுவாவிட்டால் உள்ளேயே தங்கி, மேலே அடிக்கும் பாலிஷையும் கெடுக்கும்.

மேஜை விற்ற பணத்தில்தான் அடுத்த சாமான்கள் வாங்கப்பட்டன. அதற்குப் பிறகு பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் சாமானின் முதுகைப் பார்க்காமல் அவர் விடுவதில்லை.

பழைய சாமானுக்குப் பெயின்ட் அடிக்கும் இந்த மோகத்துக்குப் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் 1990-ல் ‘சாக் பெயின்ட்’ என்ற வகையைக் கொண்டுவந்தார். பெரிதாகத் தேய்க்காமல், பிரைமர் இல்லாமல், நேரடியாக அடிக்கலாம். சுண்ணாம்பு பூசியதுபோல மினுமினுப்பில்லாமல் இருக்கும், மேலே மெழுகு பூசிவிடுவார்கள். பாட்டி வீட்டிலிருந்து வந்த பழுப்பு நிறச் சாமானை யாரும் சீண்டாத ஊர்களில், அதற்கு மறுவாழ்வு கொடுக்க இது நல்ல வழி. காரைக்குடியில் நிலைமை வேறு. இங்கே அந்தப் பழுப்புக்குத்தான் விலை. மெழுகுக்கும் நம் வெயிலுக்கும் ஒத்துப்போவதில்லை, தூசியெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. அதனால் அவர் மெழுகை விட்டுவிட்டு, மினுக்கம் இல்லாத பியூ கோட்டிங்குக்கு மாறிவிட்டார்.

அப்படியானால் எதற்குப் பெயின்ட் அடிக்கிறார்? நாட்டு மரத்துக்கு. வேம்பு, மா, பூவரசு ஆகியவற்றில் செய்த அடுப்படி அலமாரிகள், ஸ்டூல்கள், பள்ளிக்கூட பெஞ்சுகள், 1960, 70-களில் வந்த சாதாரண மேஜைகள். ஏற்கெனவே மூன்று நான்கு கைப் பெயின்ட் பார்த்தவை. ஒரு பலகை ஒரு மரம், இன்னொரு பலகை வேறு மரம் என்று கலந்து செய்தவை. தெருவில் இவற்றை யாரும் ‘ஆன்டிக்’ என்று சொல்ல மாட்டார்கள். கடையின் பின்பக்கம் கிடக்கும், இல்லையென்றால் விறகுக்குப் போகும். அவருடைய தொழில் முழுக்க இந்த விறகுக்குப் போக இருந்த சாமான்களின் மேல்தான் நிற்கிறது. தேக்கும் ஈட்டியும் வந்தால் பாலிஷ் மட்டும்.

வாடிக்கையாளர்கள் இதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை. “இதையே வெள்ளையில அடிச்சுத் தர முடியுமாக்கா?” என்று தேக்கு ஈஸிசேரின் படத்தைக் காட்டி வாட்ஸ்அப்பில் கேட்பவர்கள் உண்டு. முடியாது என்று சொல்லி அவர் இழந்த ஆர்டர்களும் உண்டு. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் பெயின்ட் சரியாகப் பிடிக்காது என்று காரணம் சொல்வார். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. தின்னர் வைத்துத் துடைத்துவிட்டு அடித்தால் பிடிக்கத்தான் செய்யும். அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

பஞ்சும் ஸ்பிரிட்டும்

பழைய சாமான் கைக்கு வந்ததும் முதல் வேலை, மேலே இருப்பது என்ன என்று கண்டுபிடிப்பது. மறைவான ஓர் இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்தால் பிசுபிசுவென்று இளகினால் அது அரக்குப் பாலிஷ். பழைய சாமான்கள் பெரும்பாலும் இதுதான். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் வார்னிஷோ எனாமலோ. அரக்குப் பாலிஷ் என்றால் பாதி வேலை மிச்சம். சுரண்டவே தேவையில்லை. அழுக்கைத் துடைத்துவிட்டு, அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, துணிக்குள் பஞ்சைப் பொதிந்து வட்ட வட்டமாகத் தேய்த்தால் பழைய பூச்சோடு புதியது கலந்துகொள்ளும். கை வலிக்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. நான்காவது ஐந்தாவது தடவையில்தான் மரம் உள்ளிருந்து பார்ப்பதுபோல ஒரு ஆழம் வரும்.

மழைக்காலத்தில் இந்த வேலை ஓடாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் இருக்கும்போது அரக்குப் பாலிஷ் போட்டால் வெள்ளையாகப் படலம் தட்டிவிடும். அந்த இரண்டு மாதமும் அவர் பிரம்பு பின்னுகிறவரிடம் நாற்காலிகளை அனுப்புவது, கைப்பிடிக் குமிழ்கள் தேடுவது என்று ஓட்டுகிறார். பழைய ஹோட்டல்களிலிருந்து வரும் வளைமர நாற்காலிகள் இந்தச் சமயத்தில்தான் சேரும். அந்த வகை நாற்காலியின் மூதாதை, வியன்னாவில் தோனெட் நிறுவனம் 1859-ல் செய்தது. ஆறு துண்டு மரமும் சில திருகாணிகளும்தான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி போகும். உட்காரும் சட்டத்தின் உள்பக்கம் முத்திரையோ காகித லேபிளோ இருக்கிறதா என்று பார்க்காமல் அதில் உப்புத்தாள் வைக்கவே கூடாது. முத்திரை போனால் விலையில் பாதி போனது.

எனாமல் அடித்த பழைய சாமானில் உப்புத்தாள் வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. வீட்டுத் தொழில் வீடியோக்கள் எதிலும் இதை அழுத்திச் சொல்வதில்லை. பழைய பெயின்ட்டுகளில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் போடப்பட்டு, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் என்றால், அதுவும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை என்றால், ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்வது நல்லது. காய்ந்த பெயின்ட்டைத் தேய்க்கும்போது கிளம்பும் தூள் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அந்தக் கார் ஷெட்டில் இப்போது காய்ந்த பெயின்ட்டைத் தேய்ப்பதே இல்லை. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்கிறார், முகத்தில் துணி மாஸ்க் இல்லாமல் என்95. வழித்த குழம்பைச் சாக்கில் கட்டித் தனியாக வைக்கிறார், தோட்டத்தில் கொட்டுவதில்லை. தேய்க்கும் நாட்களில் மகளுக்கு அந்தப் பக்கம் வர அனுமதி இல்லை. வேலைக்கென்று இரண்டு நைட்டி தனி, அவை வீட்டுத் துணியோடு மெஷினில் போகாது. “இதெல்லாம் ஆரம்பிச்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அந்த ஒரு வருஷத்தை நெனச்சா இப்பவும் பகீர்னு இருக்கு” என்கிறார்.

ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடுவதும் இதே மாதிரி ஆபத்து. காயும்போது அந்த எண்ணெய் சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். பிரித்துக் கொடியில் போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்கிவிட வேண்டும்.

கணக்கு நோட்டு

மூன்று மடங்கு லாபம், ஐந்து மடங்கு லாபம் என்று இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்லப்படுவதை அவருடைய கணக்கு நோட்டு ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் அடுப்படி அலமாரியின் பக்கம் இப்படி இருக்கிறது. வாங்கியது ₹3,500. குட்டியானை வாடகை ₹400. உப்புத்தாள், பட்டி, பிரைமர், பெயின்ட், பித்தளைக் குமிழ் எல்லாம் சேர்த்து ₹1,900. கீலும் கதவும் சரிசெய்த ஆசாரிக்கு ₹700. ஆக ₹6,500. விற்றது ₹11,000. அனுப்பும் செலவு வாங்கியவருடையது.

மிச்சம் ₹4,500 என்று அங்கேயே நிறுத்திவிடலாம். அவர் அடுத்த வரியில் நேரத்தையும் எழுதியிருக்கிறார். ஆறு நாள், தினம் நாலு மணி நேரம். அதாவது மணிக்கு ₹190-கூட இல்லை. படம் எடுத்தது, வாட்ஸ்அப்பில் இருபது பேருக்கு அளவு சொன்னது, அதில் ஒருவர் மட்டும் வாங்கியது, இதெல்லாம் அந்த இருபத்து நாலு மணி நேரத்தில் வராது. விற்காமல் எட்டு மாதமாக நிற்கும் ஒரு டிரெஸ்ஸிங் டேபிளுக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் செலவு மட்டும்தான்.

“மாசச் சம்பளம் மாதிரி நெனச்சு யாரும் இதுல இறங்க வேண்டாம். தை மாசம் வீடு குடிபோறவங்க வாங்குவாங்க, ஆடியில ஈ ஓட்டணும். எங்க வீட்டுக்காரர் சம்பளம் ஒண்ணு இருக்கறதால ஓடுது.” இதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவருக்குக் கூடுதலாக வருமானம் தருவது இன்னொரு வேலை. வாங்கி விற்பதற்குப் பதிலாக, மற்றவர்கள் வீட்டுச் சாமானையே சரிசெய்து கொடுப்பது. முதல் போட வேண்டாம், விற்காமல் நிற்கும் பயம் இல்லை. தாத்தாவின் ஈஸிசேரைப் பேரன் கொண்டுவருவார். அந்த நாற்காலிக்குச் சந்தையில் என்ன விலை என்று அவர் கேட்க மாட்டார். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

சட்டம் பற்றியும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்கள் ‘தொல்பொருள்’ வரையறைக்குள் வரக்கூடும். அப்படிப்பட்டவற்றை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. கோயில் சம்பந்தப்பட்ட மரச்சிற்பம், வாகனத்தின் துண்டு, தேர்ப்பலகை என்று யாராவது கொண்டுவந்தால் அவர் தொடுவதே இல்லை. அது எங்கிருந்து பெயர்க்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? ஜிஎஸ்டி விஷயத்தில், தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை ₹40 லட்சம் வரை பதிவு தேவையில்லை, சரிசெய்து கொடுக்கும் சேவை என்றால் ₹20 லட்சம். ஆனால், வேறு மாநிலத்துக்குப் பொருளை விற்றால் இந்த வரம்பு பொதுவாகப் பொருந்தாது. சில கைவினைப் பொருள்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சாய்வு மேசை

சென்ற வருடம் அவரிடம் ஒரு கணக்குப்பிள்ளை மேசை வந்தது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுகிற உயரம், மேல்பலகை சாய்வானது. அதைத் தூக்கினால் உள்ளே சின்னச் சின்ன அறைகள். பலகை முழுக்க மைக்கறை. வலது மூலையில் விரல் படிந்து படிந்து ஒரு குழி.

இன்ஸ்டாகிராமில் படம் போட்டதும் பத்துப் பேர் கேட்டார்கள். கறையை எடுத்துவிட்டுத் தர முடியுமா என்று கேட்டவர்களே அதில் அதிகம். மேல்பலகையை மூன்று மில்லிமீட்டர் இழைத்தால் போதும், பளபளவென்று வந்துவிடும் என்றார் ஆசாரி. தொழில்ரீதியாக அவர் சொன்னதில் தவறில்லை. இழைத்துக் கொடுத்திருந்தால் அந்த வாரமே போயிருக்கும்.

பாலிஷ்காரரிடம் கேட்டார். “ரங்கூன்ல வட்டிக் கணக்கு எழுதுன மையோ, இங்கன பால் கணக்கு எழுதுன மையோ, யாருக்குத் தெரியும்த்தா? எடுத்துட்டா அப்புறம் அது வெறும் பலகை.” மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, பிழிந்த துணியால் துடைத்து, லேசாக ஒரு கை அரக்குப் பாலிஷ் மட்டும் போட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, விலையைக் குறைத்த பிறகுதான், மதுரையைச் சேர்ந்த ஒருவர் கறையோடு எடுத்துக்கொண்டார். நோட்டில் அந்தப் பக்கத்துக்குக் கீழே மிச்சம் ₹600 என்று இருக்கிறது.

வீடுகள் இடிந்தால்தான் தனக்குச் சரக்கு என்பதை அவர் மறைப்பதில்லை. ஒருமுறை கிராமத்து வீடு ஒன்றில், பங்காளிகளுக்குள் இன்னும் பேச்சு முடியாத நிலையில், ஒருவர் மட்டும் ரகசியமாக அழைத்துச் சாமான்களைக் காட்டியிருக்கிறார். அறையில் அடுக்கிவைத்த சீர்ப் பாத்திரங்கள் மேல் பெயரும் எழுத்தும் அப்படியே இருந்தன. வாங்காமல் திரும்பிவிட்டார். இரண்டு வாரத்தில் அதே அலமாரியைத் தெருவில் ஒரு கடை வாசலில் பார்த்தார். அவர் வாங்காததால் எதுவும் நிற்கவில்லை. இருந்தாலும் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு மட்டுமே ஒரு வீட்டுக்குள் போவது என்று வைத்திருக்கிறார். போனால் முதலில் அறைகளைப் படம் எடுத்து, எந்தச் சாமான் எந்தக் கட்டில் இருந்தது என்று எழுதிவைக்கிறார். சாமானை வாங்குகிறவருக்கு அந்தப் படத்தின் பிரதி ஒன்று போகும். வீட்டுக்காரர்கள் பெயர் இருக்காது, ஊர் மட்டும் இருக்கும்.

பக்கத்து ஊரில் ஒரு வீடு இந்த மாதம் பிரிக்கப்படுகிறது. குத்தகை எடுத்தவர் இவரைக் கூப்பிட்டு இரண்டாம் கட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அடுப்படியில் கரி படிந்த இரண்டு அலமாரிகள், நெல் அளக்கிற இடத்தில் ஒரு பெஞ்சு, கால் ஒன்று குட்டையான ஸ்டூல் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். முகப்புக் கதவுக்குப் பெங்களூரிலிருந்து ஆள் வந்து அளவெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.